ஏழெட்டு என்றால் ஓரெட்டிலிருந்து தொடங்கும் பிள்ளைக்கு

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருந்தார். மகன் தரம் 6 படிக்கிறான். பன்னிரண்டு வரை வாய்ப்பாடு அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் இடையில் நிறுத்தி ‘ஏழெட்டு எவ்வளவு?’ என்று கேட்டால், ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு என்று முதலிலிருந்து ஓடி வருகிறான். ‘54 எந்தெந்த எண்களின் மடங்கு?’ என்றால் பேசாமல் நிற்கிறான். மடங்கு எழுதச் சொன்னால் காரணி எழுதுகிறான், காரணி எழுதச் சொன்னால் மடங்கு. ரியூசனுக்கு விட வசதி இல்லை. வீட்டில் என்ன செய்யலாம், எத்தனையாம் வாய்ப்பாடு வரை பாடமாக்க வேண்டும் என்பது கேள்வி.

தங்கச்சி, நான் கிளிநொச்சி மாவட்டத்தில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் கண்டிருக்கிறேன். அவனில் ஒரு குறையும் இல்லை. நாங்கள் அவனுக்கு ஒரு பாட்டுச் சொல்லிக் கொடுத்தோம், அவன் அந்தப் பாட்டைப் பிழையில்லாமல் பாடமாக்கிவிட்டான். பாட்டை நடுவில் தொடங்குவது யாருக்கும் கஷ்டம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தேவாரத்தின் மூன்றாம் வரி என்ன என்று நான் திடீரென்று கேட்டால், நீங்களும் முதல் வரியை மனதுக்குள் முணுமுணுத்துத்தான் அங்கே வந்து சேர்வீர்கள்.

வவுனியாவில் பஸ் ஏறுகிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி என்று வரிசை அவருக்குத் தெரியும். ஆனால் மாங்குளத்தில் குடியிருக்கிற ஆளுக்குத் தெரிவது வேறு. பின்னுக்குப் போனால் கனகராயன்குளம், முன்னுக்குப் போனால் முறிகண்டி, கிழக்கே திரும்பினால் உங்கள் ஒட்டுசுட்டான், அப்படியே போனால் முல்லைத்தீவு. அவர் நிற்பது ஒரு சந்தியில். 56 என்ற எண்ணும் அப்படி ஒரு சந்திதான். ஏழின் பாதையில் அதற்கு முன் 49, பின் 63. எட்டின் பாதையில் முன் 48, பின் 64. உங்கள் மகன் இதுவரை ஏழின் பாதையிலும் எட்டின் பாதையிலும் பஸ்ஸில் போய்வந்திருக்கிறான். இனி அந்தச் சந்தியில் இறங்கி நின்று நாலு பக்கமும் பார்க்க வேண்டும். கீழே நான் சொல்லப்போகிற எல்லாம் அந்த இறங்கி நிற்கிற பழக்கத்துக்காகத்தான்.

முதலில் ‘மடங்கு’ என்ற சொல்லைத் தெளிவாக்குங்கள். இது செய்யாமல் பயிற்சிக்குப் போனால் மணலில் சுவர் வைத்த மாதிரி. ஒரு எண்ணை முழு எண்களால் பெருக்கினால் வருகிறவை எல்லாம் அந்த எண்ணின் மடங்குகள். இதை வேலியில் காட்டலாம். வளவில் புதுக் கதியால் (வேலிக்கு நடுகிற தடி) போடும்போது மூன்று அடிக்கு ஒரு கதியால் என்று வையுங்கள். முதற் கதியால் நிற்கும் இடம் 0. அடுத்தது 3 அடியில், பிறகு 6, 9, 12, 15. கதியால் நிற்கும் இடங்கள் எல்லாம் மூன்றின் மடங்குகள். இடையில் உள்ள 4, 5, 7, 8 மூன்றின் மடங்கு அல்ல. வேலி நீள நீள மடங்குகளும் வந்துகொண்டே இருக்கும், அதற்கு முடிவில்லை. வாய்ப்பாடு பன்னிரண்டில் நிற்பதால் மூன்றின் மடங்கும் 36இல் முடிந்துவிடுகிறது என்று நினைக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். ‘300 அடியில் கதியால் இருக்குமா? 301இல்?’ என்று கேளுங்கள். யோசிப்பான், சிரிப்பான், விளங்கிவிடும்.

அந்த 0 பற்றி ஒரு சொல். மூன்றைப் பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியம், ஆகவே 0 எல்லா எண்ணுக்கும் மடங்குதான். பாடத்தில் மடங்குகளை வரிசையாக எழுதும்போது பெரும்பாலும் 3இல் தொடங்கி எழுதுவோம், அதனால் பிள்ளைகள் 0ஐ மறந்துவிடுகிறார்கள். வேலியில் அது மறக்காது. 30 அடி வேலிக்கு எத்தனை கதியால் என்று கேட்டால் 10 என்பார்கள். நட்டுப் பார்த்தால் 11. அந்தப் பதினொராவது 0இல் நிற்கிற கதியால்.

இன்னொரு குழப்பமும் இந்த இடத்தில் வரும். ‘இரண்டின் மடங்குகளை எழுது’ என்றால் சில பிள்ளைகள் 2, 4, 8, 16, 32 என்று எழுதுவார்கள். கடதாசியை மடிக்க மடிக்க அடுக்கு இரட்டிக்கிறதே, மடங்கு என்றால் மடிப்புத்தானே என்று ஒரு பிள்ளை என்னிடம் நியாயம் கேட்டது! அது பிழையான யோசனை இல்லை, வேறு கணக்கு. இரட்டித்துக்கொண்டே போவது ஒன்று, ஒரே அளவு அடி எடுத்து வைப்பது ஒன்று. மடங்கு என்பது ஒரே அளவு அடி. 2, 4, 6, 8, 10. எட்டுக்கும் அப்படித்தான்: 8, 16, 24, 32. எட்டிலிருந்து 16, 32 என்று தாவினால் 24ஐ மிதிக்காமல் போய்விட்டோம்.

சரி, மடங்கும் காரணியும். 1996இல் இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளுக்கு மரத்தடியில் வகுப்பு வைத்தபோது கொப்பியும் இல்லை, கரும்பலகையும் இல்லை. புளியங்கொட்டைதான் இருந்தது. ஆளுக்கு 24 கொட்டை கொடுத்து, வரிசை வரிசையாகச் சரிசமமாக அடுக்கச் சொன்னேன். ஒருத்தி 4 வரிசையில் ஆறாறாக வைத்தாள். ஒருவன் 3 வரிசையில் எட்டெட்டாக. இன்னொருவன் 2 வரிசையில் பன்னிரண்டு. 5 வரிசை வைக்கப் பார்த்தவனுக்கு 4 கொட்டை மிஞ்சியது. மிஞ்சாமல் அடுக்க முடிந்த வரிசைகள் 1, 2, 3, 4, 6, 8, 12, 24. இவை 24இன் காரணிகள். பிறகு நாலு பேர் தங்கள் கொட்டைகளை ஒன்றாகக் குவிக்கச் சொன்னேன். 24, 48, 72, 96. இவை 24இன் மடங்குகள். கையிலுள்ள கொட்டைக்குள்ளே தேடினால் காரணி, இன்னும் கொட்டை கொண்டுவந்து சேர்த்தால் மடங்கு. காரணி எண்ணை விடப் பெரிதாகாது, ஆகவே எழுதி முடிக்கலாம். மடங்கு எழுதி முடியாது. இரண்டிலும் இருக்கிற ஒரே எண் அந்த எண்தான்: 24 தனக்குத் தானே காரணியும் மடங்கும்.

இதையே இரண்டு பக்கமும் சொல்லப் பழக்குங்கள். ‘24 ஆறின் மடங்கு. ஆறு 24இன் காரணி.’ ஒன்றைச் சொன்னவுடன் மற்றதையும் சொல்ல வேண்டும். ‘நான் அம்மாவின் மகன், அம்மா என்னுடைய தாய்’ என்கிற மாதிரி. ஒரு வாரம் இப்படிச் சொன்னால் மாற்றி எழுதுகிற பழக்கம் போய்விடும், நான் பார்த்திருக்கிறேன்.

இனிப் பயிற்சி.

வாய்ப்பாட்டை நிற்பாட்ட வேண்டாம். அது நல்ல செல்வம். எங்கள் பாட்டன்மார் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியைக் கூட்டமாகச் சொல்லித்தான் படித்தார்கள், பின்னக் கணக்கு உட்பட. தமிழும் இதற்கு வாகான மொழி. ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொன்று என்று சொல்லும்போதே எத்தனை ஏழு என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘ஈரேழு பதினாலு உலகம்’ என்று அம்மம்மா கதை சொல்லும்போது பிள்ளை ஏழின் இரண்டாம் மடங்கைக் கேட்கிறது. ஆனால் சொல்லும் முறையை மாற்றுங்கள். முதலாவது, பின்னிருந்து: 80, 72, 64, 56, 48. முதல் நாலு நாள் திணறுவான். அந்தத் திணறல்தான் வேண்டியது, ஏனென்றால் அங்கே பாட்டு உதவாது, எட்டைக் கழிக்க வேண்டும். இரண்டாவது, நடுவிலிருந்து: ‘40இல் நிற்கிறாய், எட்டெட்டாகப் போ.’ 48, 56, 64. மூன்றாவது, இரண்டு பேர் மாறி மாறி. நீங்கள் 7 என்றால் அவன் 14, நீங்கள் 21, அவன் 28. நீங்கள் வேண்டுமென்றே ஒரு முறை பிழையாக 36 என்று சொல்லுங்கள். பிடிக்கிறானா என்று பாருங்கள். பிடித்துவிட்டால் அன்று முழுக்க அவனுக்குப் பெருமை.

பத்தாம் மடங்கும் ஐந்தாம் மடங்கும் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். எட்டில் அவை 80, 40. இந்த இரண்டையும் தங்குமடம் மாதிரி வைத்துக்கொண்டு அங்கிருந்து நடக்கச் சொல்லுங்கள். ஏழெட்டு வேண்டுமா? ஐயெட்டு நாற்பது, இன்னும் இரண்டு எட்டு, 56. ஒன்பதெட்டு வேண்டுமா? பத்தெட்டு 80, ஒரு எட்டுக் குறைய 72. ஓரெட்டிலிருந்து ஏழு அடி நடந்தவன் இப்போது 40இலிருந்து இரண்டு அடியில் போய்விடுகிறான். சில நாளில் அந்த இரண்டு அடியும் தேவைப்படாது.

பிள்ளை பயப்படுவது வாய்ப்பாட்டின் அளவைப் பார்த்துத்தான். பத்துக்குப் பத்துக் கட்டத்தில் 100 விடைகள். அவனோடு இருந்து ஒரு தாளில் அந்த நூறையும் போட்டு, தெரிந்ததை வெட்டிக்கொண்டு வாருங்கள். 7×8உம் 8×7உம் ஒன்றுதான் என்று வைத்தால் 100 என்பது 55 ஆகிவிடும். அதில் 1, 2, 5, 10 வருகிற இடங்களை வெட்டினால் 21 மிஞ்சும். ஒன்பதின் மடங்குகளைப் பத்திலிருந்து குறைத்து எடுக்கலாம், அதையும் வெட்டினால் 15. ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்குவது, மூன்றுமூன்று 9, நாநாலு 16, ஆறாறு 36, ஏழேழு 49, எட்டெட்டு 64, இவை பிள்ளைகளுக்குச் சுலபமாக ஒட்டிவிடும். அதையும் விட்டால் மிஞ்சுவது பத்தே பத்து: 3×4=12, 3×6=18, 3×7=21, 3×8=24, 4×6=24, 4×7=28, 4×8=32, 6×7=42, 6×8=48, 7×8=56. மலை போல நின்றது இவ்வளவுதான். இந்தப் பத்தில் அவனுக்கு எது தடக்குகிறது என்று பாருங்கள். என் வகுப்புகளில் அனேகமாக 6×7, 6×8, 7×8 இந்த மூன்றும்தான். மூன்று விடைக்காக ஒரு பிள்ளையை வருடக்கணக்காக முழு வாய்ப்பாடும் சொல்ல வைக்கிறோம் என்பது எனக்கு இன்றைக்கும் மனவருத்தம்.

எண்களுக்கு ஒவ்வொரு குணம் இருக்கிறது. நாலு என்றால் இரட்டித்து இரட்டி. எட்டு என்றால் மூன்று தரம் இரட்டி: 7, 14, 28, 56. இன்னொரு வழியில் ஏழெட்டு வந்துவிட்டது பார்த்தீர்களா? ஆறை இரட்டை எண்ணால் பெருக்கினால் அந்த எண்ணே கடைசியில் நிற்கும்: ஈராறு 12, நாலாறு 24, ஆறாறு 36, எட்டாறு 48. ஒன்பதின் மடங்குகளில் பத்தின் இலக்கம் ஒவ்வொன்றாகக் கூடும், ஒன்றின் இலக்கம் ஒவ்வொன்றாகக் குறையும்: 18, 27, 36, 45. ஒன்பது கூட்டுவது என்றால் பத்துக் கூட்டி ஒன்று குறைப்பதுதானே, அதனால்.

ஏழுதான் பிடிகொடுக்காத எண். அதற்குச் சுவரில் தொங்குகிற நாட்காட்டியைக் காட்டுங்கள். எந்த மாதத்திலும் 7, 14, 21, 28ஆம் தேதிகள் ஒரே கிழமையில் வரும். 7 வெள்ளி என்றால் நாலும் வெள்ளி. விரதக்காரருக்கு இது வாய்ப்பாடு படிக்காமலே தெரியும்.

ஏழு ஏன் இவ்வளவு குழப்புகிறது என்று அவனுக்கே கண்டுபிடிக்க ஒரு விளையாட்டு இருக்கிறது. முற்றத்து மணலில் ஒரு வட்டம் கீறி, மணிக்கூடு மாதிரிச் சுற்றிவர 0 தொடக்கம் 9 வரை சம இடைவெளியில் எழுதுங்கள். ஓர் எண்ணின் மடங்குகளில் கடைசி இலக்கத்தை மட்டும் எடுத்து, 0இலிருந்து தொடங்கி ஒன்றோடொன்று கோடு போட்டுச் சேர்க்க வேண்டும். ஐந்துக்கு 5, 0, 5, 0, ஒரே ஒரு கோடு. இரண்டுக்கு 2, 4, 6, 8, 0, ஐங்கோணம். நாலுக்கு 4, 8, 2, 6, 0, ஐந்து முனை நட்சத்திரம். ஏழுக்கு 7, 4, 1, 8, 5, 2, 9, 6, 3, 0. பத்து இலக்கமும் வந்து, பத்து முனைக் கோலம் விழும். மூன்றுக்கும் அதே கோலம், ஆனால் மறுவளம் சுற்றும். எட்டைப் போட்டால் இரண்டின் ஐங்கோணம் மறுவளமாக வரும். 2உம் 8உம், 3உம் 7உம், 4உம் 6உம், 1உம் 9உம் சோடி. இரண்டையும் கூட்டினால் பத்து, அதுதான் காரணம். இரட்டை எண்கள் பத்தோடு 2 என்ற காரணியைப் பங்கு போடுவதால் பாதி இலக்கங்களை மட்டும் தொட்டுத் திரும்பிவிடுகின்றன. ஏழுக்குப் பத்தோடு அப்படிப் பங்கு ஒன்றும் இல்லை, ஆகவே எல்லா வீட்டுக்கும் போய்த்தான் வரும். கடைசி இலக்கத்தை வைத்து ஏழின் மடங்கை ஊகிக்க முடியாததும் அதனால்தான். மார்கழியில் வாசலில் கோலம் போடுகிற தங்கைச்சி இருந்தால் அவளையும் கூட்டிக்கொள்ளுங்கள், அவள் அவனை முந்திவிடுவாள்.

அடுத்த விளையாட்டு நூறு கட்டம். பத்து வரிசையில் 1 தொடக்கம் 100 வரை எழுதி, இரண்டை விட்டுவிட்டு இரண்டின் மற்ற மடங்குகளை வெட்டச் சொல்லுங்கள். பிறகு 3, 5, 7 ஒவ்வொன்றுக்கும் அப்படியே. 1ஐயும் வெட்டிவிடுங்கள். வெட்டுப்படாமல் 25 எண்கள் நிற்கும். இவை முதன்மை எண்கள், 1ஐயும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாதவை. இந்த முறையை எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞரின் பெயரால் சல்லடை என்பார்கள், இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழையது. வெட்டும்போது 51, 57, 87, 91 இந்த நாலிலும் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். பார்த்தால் முதன்மை எண் மாதிரி இருக்கும். 51 மூன்றின் மடங்கு (17×3), 57உம் அப்படித்தான் (19×3), 87உம் (29×3). 91 எழுபதும் இருபத்தொன்றும் சேர்ந்தது, ஆகவே ஏழின் மடங்கு, 13×7. பெரிய பிள்ளைகள்கூட இந்த நாலிலும் விழுந்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் இரண்டாம் கேள்வி, ‘54 எதன் மடங்கு?’ இது வாய்ப்பாட்டைத் தலைகீழாகக் கேட்பது. இரட்டை எண், ஆகவே இரண்டின் மடங்கு. 0இலோ 5இலோ முடியவில்லை, ஐந்தின் மடங்கு அல்ல. மூன்றுக்கும் ஒன்பதுக்கும் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்போம்: 5+4=9. இந்த விதியைப் பள்ளிக்கூடத்தில் பாடமாக்க வைப்பார்கள், ஏன் என்று சொல்லத்தான் நேரம் இருக்காது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் கச்சான் (நிலக்கடலை) விற்கிறவரை நினையுங்கள். ஒரு சரைக்கு, அதாவது ஒரு கடதாசிச் சுருளுக்கு, 9 கச்சான் என்று வைப்போம். 10 கச்சான் இருந்தால் ஒரு சரை போட்டு 1 மிஞ்சும். 100 இருந்தால் 11 சரை போட்டு 1 மிஞ்சும். ஒவ்வொரு பத்திலும் ஒன்று, ஒவ்வொரு நூறிலும் ஒன்று. 54இல் ஐந்து பத்து, ஆகவே 5 மிஞ்சுகிறது, அதோடு முதலே இருந்த உதிரி 4. இரண்டும் சேர 9, இன்னொரு சரை. ஒன்றும் மிஞ்சவில்லை, 54 ஒன்பதின் மடங்கு. ஒன்பதின் மடங்கு என்றால் மூன்றின் மடங்கும்தான். இரண்டுக்கும் மூன்றுக்கும் மடங்காக இருந்தால் ஆறுக்கும் மடங்கு. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ9 வீதி 321 கிலோமீட்டர். 3+2+1=6. ஆகவே 321 மூன்றின் மடங்கு, ஒன்பதின் மடங்கு அல்ல. இதைப் பஸ்ஸில் போகும்போது செய்யலாம். யன்னலோரம் இருத்திவிட்டு, வருகிற கிலோமீட்டர்க் கல் ஒவ்வொன்றும் மூன்றின் மடங்கா என்று கேளுங்கள். மூன்று கல்லுக்கு ஒருமுறைதான் ‘ஓம்’ வரும் என்பதை அவன் தானாகக் கண்டுபிடித்துவிடுவான்.

நாலுக்குக் கடைசி இரண்டு இலக்கம் போதும், ஏனென்றால் 100 நாலின் மடங்கு. எட்டுக்குக் கடைசி மூன்று, ஏனென்றால் 1000 எட்டின் மடங்கு, 125×8. ஏழுக்குத் தெரிந்த மடங்கைக் கழித்துப் பார்ப்பதே நல்லது. 161இல் 140 போனால் 21, ஆகவே ஏழின் மடங்கு.

சந்திகளை அவன் நன்றாகக் கண்டுகொண்ட பிறகு பொது மடங்குக்குப் போகலாம். பின்னம் கூட்டத் தொடங்கும்போது இது இல்லாமல் முடியாது. சிறுபோகத்தில் ஒரு வாய்க்காலுக்கு 4 நாளைக்கு ஒருமுறை தண்ணீர், இன்னொன்றுக்கு 6 நாளைக்கு ஒருமுறை என்று வையுங்கள். இன்று இரண்டுக்கும் திறந்தார்கள். இனி எப்போது இரண்டும் ஒரே நாளில் வரும்? முதலாவது 4, 8, 12, 16, 20, 24. இரண்டாவது 6, 12, 18, 24. முதற் சந்தி 12ஆம் நாள், பிறகு 24ஆம் நாள். 12தான் பொது மடங்குகளுட் சிறியது, பொ.ம.சி. பிள்ளைகள் நாலையும் ஆறையும் பெருக்கி 24 என்று எழுதிவிடுவார்கள். 24 பொது மடங்குதான், ஆனால் அதற்குமுன் ஒரு சந்தியைக் கவனிக்காமல் வந்துவிட்டார்கள். கால் பங்கையும் ஆறில் ஒரு பங்கையும் கூட்ட வேண்டுமானால் அந்த 12ஐத்தான் தேடுகிறோம். கால் என்பது பன்னிரண்டில் மூன்று, ஆறில் ஒன்று என்பது பன்னிரண்டில் இரண்டு, மொத்தம் பன்னிரண்டில் ஐந்து.

எங்கள் பஞ்சாங்கம் முழுக்கப் பொது மடங்குதான், இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. வியாழன் ராசிச் சக்கரத்தைச் சுற்ற ஏறக்குறைய 12 வருடம், சனி சுற்ற ஏறக்குறைய 30 வருடம். 12இன் மடங்குகள் 12, 24, 36, 48, 60. 30இன் மடங்குகள் 30, 60. இரண்டும் சந்திக்கிற 60தான் பிரபவ முதல் அட்சய வரையுள்ள வருட வட்டம். நட்சத்திரம் 27, ராசி 12. 27இன் மடங்குகள் 27, 54, 81, 108. 12இன் மடங்குகளில் 108க்கு முன் இவற்றில் ஒன்றும் வராது. ஆகவே நட்சத்திரத்துக்கு 4 பாதம், ராசிக்கு 9 பாதம் என்று வைத்து 108 பாதத்தில் இரண்டு கணக்கையும் பொருத்தியிருக்கிறார்கள். வீட்டில் சாதகம் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள்.

எவ்வளவு நேரம் என்று கேட்டால், நாளுக்குப் பத்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணித்தியாலம் பிடித்து இருத்துவதால் பலன் குறைவு. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஜேர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் தன்னையே வைத்துப் பரிசோதித்து 1885இல் எழுதினார். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படிப்பது ஒரேயடியாகப் படிப்பதைவிட நிலைக்கும் என்பதும் அதில் வந்த முடிவுதான். பழைய நாட்காட்டி மட்டையைச் சின்னச் சின்ன அட்டையாக வெட்டி, அந்தப் பத்துப் பெருக்கலையும் எழுதுங்கள். முன்பக்கம் 7×8, பின்பக்கம் 56. இன்னொரு கட்டில் முன்பக்கம் 56 மட்டும், பின்பக்கம் அதன் காரணிகள். கலைத்துக் கேளுங்கள். உடனே சொன்ன அட்டை மூன்று நாள் கழித்து வந்தால் போதும். தடக்கின அட்டை நாளைக்கே வர வேண்டும். நேரம் பிடித்துப் பார்க்க வேண்டாம். மணிக்கூட்டைக் கண்டால் சில பிள்ளைகளுக்குத் தெரிந்ததும் மறந்துபோகும். பிழை விட்டால் விடையைச் சொல்லாமல், ‘எந்தத் தங்குமடத்திலிருந்து நடந்தாய்?’ என்று கேளுங்கள். ஏழெட்டுக்கு 54 என்று சொல்லியிருந்தால், எட்டின் பாதையில் 54 இருக்கிறதா என்று அவனே 40இலிருந்து நடந்து பார்த்து 48, 56 என்று திருத்திக்கொள்வான்.

விரல் மடித்தால் அடிக்கவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம். விரல் அவனுக்கு இன்னும் தேவைப்படுகிறது என்று அர்த்தம். தேவை முடிந்ததும் கை தானாகக் கீழே போய்விடும்.

கடைசியாக, எந்த வாய்ப்பாடு வரை? பத்து வரை உறுதியாக இருந்தால் போதும் என்பேன். 11, 12 இலகு. பன்னிரண்டு மாதக் கணக்குக்கும் டசினுக்கும் உதவும். 15உம் 25உம் காசுக் கணக்கில் தானாக வரும். பதின்மூன்று, பதினேழு, பத்தொன்பது எல்லாம் பாடமாக்கச் சொல்லி அழவைப்பது வீண். 13 என்றால் பத்தும் மூன்றும், 13×7 என்றால் 70உம் 21உம், 91.

பதினாறு மட்டும் எங்கள் பக்கத்துக்கு வேண்டும். இங்கே ஏக்கர்க் கணக்கு, யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் வந்தால் பரப்புக் கணக்கு, 16 பரப்பு ஓர் ஏக்கர். அதையும் பாடமாக்க வேண்டாம், எட்டின் மடங்கை இரட்டித்தால் வந்துவிடும். ஏழெட்டு 56, ஆகவே ஏழு ஏக்கர் 112 பரப்பு. வீட்டில் அம்மப்பா இருந்தால் இந்த வேலையை அவரிடம் விடுங்கள். தென்னை வைக்க 26 அடி இடைவெளி விடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஓர் ஏக்கர் சதுரக் காணியின் பக்கம் 208 அடிக்குக் கொஞ்சம் கூட. 26இன் எத்தனையாவது மடங்கு 208 என்று பேரனிடம் கேட்கச் சொல்லுங்கள். அவன் எட்டு என்று கண்டுபிடித்து, எட்டு வரிசையில் எட்டெட்டாக ஏக்கருக்கு 64 கன்று என்று சொன்னால், அம்மப்பாவுக்கு அது புதிதாக இராது. அவர் அந்த 64 கன்றையும் எப்போதோ நட்டிருப்பார்.